டப்பா எஞ்சின்

செப்டம்பர் 3, புதன்

இல்லை, டப்பாவுக்காக இல்லை. ஒரு பால் பவுடர் டப்பாவுக்காக யாரும் கணவனையும் பெங்களூரையும் விட்டுக் கோயம்புத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு, வந்து உட்கார மாட்டார்கள். அம்மாவிடம் இதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இன்னொரு விதம் வேண்டியிருக்கிறது.

"அப்ப எதுக்கோசரம் வந்தே? அதையாச்சும் சொல்லு. திரும்பிப் போறியா, இல்லியா? அதையாச்சும் சொல்லு."

மாடியில் என் முன்னால் புதிய டப்பா இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடி சொன்னேன்.

"இது ஓடட்டும்மா. ஓடின அன்னிக்குச் சொல்றேன்."

என்னைச் சும்மா விடுவதற்காகச் சொன்னது. ஆனால் காபி டம்ளரோடு அப்பா மாடிப்படி வாசலில் நின்றிருந்தார். பம்பு செய்து விற்பவரிடம் எதையும் அப்படிச் சொல்லக்கூடாது. அவருக்கு அது சரக்கு அனுப்ப வேண்டிய தேதி மாதிரி.

எஞ்சினைப் பற்றி. நீராவி இல்லை, பெட்ரோல் இல்லை. டப்பாவுக்குள் அடைபட்ட காற்று மட்டும். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே ஈரத்துணி. உள்ளே, மூடி வழியாக இறங்கும் ஒரு கம்பியின் முனையில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் சுற்றிய ஓர் உருண்டை. அது தளர்வாக ஏறி இறங்கி, காற்றைச் சூட்டுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். சூட்டில் காற்று விரியும். குளிரில் சுருங்கும். பக்கத்தில் ஒரு பித்தளை உருளை, அதற்குள் பிஸ்டன். காற்று விரிந்தால் பிஸ்டன் மேலே, சுருங்கினால் கீழே. சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த தண்டு. தண்டின் முனையில் சக்கரம்.

பிஸ்டனை நானே கீழே பட்டறை லேத்தில் கடைந்தேன். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயமில்லை. எனக்குப் பெரிய விஷயம்.

இருநூறு வருடமாக உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில், எங்கள் மாடியில், ஓடவில்லை.


செப்டம்பர் 5, வெள்ளி

காற்று எங்கே கசிகிறது என்று சோப்பு நுரையைப் பூசிப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் வரிசையாகக் குமிழ்கள். எபாக்சி பசை வைத்தேன். காய ஒரு நாள் ஆகும்.

காயும்வரை: துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தேன். பசை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்ததில் என் விரல்ரேகை மூடியில் பதிந்துவிட்டது. இருக்கட்டும்.


செப்டம்பர் 7, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. அப்பா கையில் ஸ்பானரோடு மாடி ஏறி வந்தார்.

"ஒழுகுதா?"

"ஒழுகுதுப்பா."

"எங்க?"

"இந்தக் கம்பி மூடிக்குள்ள எறங்கற எடத்துல. அப்புறம் பிஸ்டன் ஓரத்துல."

அப்பா சிரித்தார். "இதுக்கா இத்தனை நாளு மண்டையக் கொழப்பிட்டு இருக்கே? ஒழுகல நிறுத்தறதுதான் கண்ணு நம்ம சோறு."

இந்த வீட்டில் ஒழுகல் ஓர் அவமானம். எங்கள் வீட்டுக் குழாய்கள் சொட்டி நான் பார்த்ததில்லை. ஒரு முறை பொள்ளாச்சியிலிருந்து ஒரு பம்பு தண்டு ஓரம் கசிகிறது என்று திரும்பி வந்தது. அன்று அப்பா மதியம் சாப்பிடவில்லை. பள்ளியில் என் தண்ணீர் பாட்டில் பையில் ஒழுகி நோட்டெல்லாம் நனைந்தபோது அழுதேன். நோட்டுக்காக அல்ல. நாச்சிமுத்துவின் மகள் பாட்டில் ஒழுகலாமா?

அப்பா கிளாண்ட் கயிறு கொண்டு வந்திருந்தார். பம்பின் சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் இருக்கத் திணிக்கும் கொழுப்பேறிய கயிறு. துண்டு வெட்டி, கம்பியைச் சுற்றித் திணித்து, அதை அழுத்திப் பிடிக்கும் கிளாண்ட் நட்டை முறுக்கினார். பிஸ்டனைக் கழற்றி விரல் நிறைய கிரீஸ் எடுத்துத் தடவினார். நான் டார்ச் பிடித்தேன்.

"இன்னொரு சுத்து வெக்கலாமாப்பா?" என்று கேட்டது நான்தான்.

"வெக்கலாமே."

நன்றாக இருந்தது. இருவரும் ஒரு டப்பாவின் மேல் குனிந்திருந்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை.


செப்டம்பர் 9, செவ்வாய்

குமிழ் இல்லை. ஒரு குமிழ்கூட இல்லை.

ஓடவும் இல்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

பெங்களூரிலிருந்து ஜெகதீஷின் செய்தி. ஒரே சொல். "ஓடிச்சா?"

அம்மா சொல்லியிருப்பாள். பதில் போடவில்லை.

நியாயமாக எழுத வேண்டும். அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரசம் அவர்தான் வைப்பார். நான் வைப்பதைவிட நன்றாக இருக்கும். நண்பர்கள் வந்தால் என்னை அறிமுகம் செய்யும்போது, "நிவேதாவுக்கு எல்லாத்தையும் ஆரம்பிக்கத் தெரியும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிப்பதை ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். அதற்கும் சண்டை போட்டதில்லை.

முதல் டப்பா அங்கே பால்கனியில் இருந்தது. மூன்று மாத வேலை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவர் பால்கனியைச் சுத்தம் செய்தார். நான் வேலை முடிந்து வந்தபோது தரை பளபளவென்று இருந்தது. குப்பை வண்டி போய்விட்டிருந்தது.

"டப்பா எங்கங்க?"

"எந்த டப்பா?"

நடிப்பு இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அதைத் தாண்டித்தான் செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்.

அவ்வளவுதான் நடந்தது. எழுதிப் பார்த்தால் எனக்கே சிறியதாகத் தெரிகிறது.


செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவின் அக்கா வந்திருந்தார். மயிலாத்தாள் அத்தை. மூட்டு வலியோடு மாடி ஏறி வந்து, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இது தண்ணி எறைக்குமா?"

"எறைக்காது அத்தை."

"மாவு ஆட்டுமா?"

"ஆட்டாது."

"கரண்டு வருமா?"

"இதுல வராது."

"அப்ப என்னதாஞ் செய்யும்?"

"சுத்தும்."

"சுத்தறதுக்கு எதுக்கு எஞ்சினு? உன்ற மாமன் முப்பது வருஷம் சும்மாவே சுத்துனாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை வந்த காரியத்துக்கு வந்தார்.

"விஜயதசமிக்கு மாப்பிள்ளையும் அவிய பெரியப்பாவும் வர்றாங்களாம். நல்ல நாளு. பேசி, கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள இத சுத்த வெச்சுப்போடு."

"ஓடினாச் சொல்றேன்னுதான் சொன்னேன் அத்தை. ஓடினாப் போறேன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதாம் போ."

ரெண்டும் ஒன்றில்லை. ஆனால் அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் பக்கத்தில் இருந்த அப்பா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, கிளாண்ட் நட்டைக் கால் சுற்று முறுக்கினார்.


செப்டம்பர் 18, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் முட்டை கூட இல்லை.

புதிய ஊகம்: மேற்புறம் போதிய அளவு குளிரவில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த எஞ்சினின் சாப்பாடு. வெப்ப இயக்கவியல் தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். வெப்பத்தைப் பற்றித்தான் யோசிப்பேன்.

மூடியின் மேல் தட்டு வைத்து ஐஸ் நிரப்பினேன். ஐஸைக் கொண்டு வந்தது அம்மா.

"ரோஸ்மில்க்குக்கு வெச்சதுடி இது." ஆனால் இறங்கிப் போகவில்லை. "உள்ளார என்ன இருக்குது?"

"காத்து."

"வெறுங் காத்தா? காத்துக்கா இத்தனை கூத்து?"

விளக்கை ஏற்றினேன். அம்மா டப்பாவின் அடியருகே விரலைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மேல் தட்டைத் தொட்டாள்.

"கீழ சூடு, மேல ஐஸு. இந்த வீடு மாதிரியே செஞ்சு வெச்சிருக்கே. பட்டறைல உங்கப்பன், மாடியில நீயி."

நான் சிரித்துவிட்டேன். அவளும்.

சக்கரம் அசையவில்லை. ஐஸ் உருகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.


செப்டம்பர் 21, ஞாயிறு

கிளாண்ட் நட்டைத் துளி தளர்த்திப் பார்த்தேன். இறுக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று, தளர்த்தினால் என்ன என்று ஒரு விளையாட்டுக்கு.

அரைச் சுற்று.

விரல் படாமல், சக்கரம் தானாக அரைச் சுற்று சுற்றி நின்றது. எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது மாதிரி.

விளக்கை அணைத்தேன். நட்டை மறுபடி முறுக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முழுதாக ஓடாததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?


செப்டம்பர் 24, புதன்

அப்பா இன்னொரு சுற்றுக் கயிறு வைத்தார். புதிய கிரீஸும். கெட்டியான ரகம், லாரிக்குப் போடுவது. இப்போது சக்கரத்தைக் கையால் திருப்பினாலே விரல் வலிக்கிறது.

"நல்ல இறுக்கம்" என்றார் அப்பா.

"நல்ல இறுக்கம்" என்றேன் நானும்.

ஓடாத நாட்களில் நன்றாகத் தூக்கம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை. மாடிக் காற்றாக இருக்கலாம்.

ஜெகதீஷ்: "ஓடிச்சா?" பதில் போடவில்லை.


செப்டம்பர் 27, சனி

அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தண்டைக் கிள்ளியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ வேணும்னே அத ஓட்டாம வெச்சிருக்கியா?"

"எதுக்கும்மா அப்படிச் செய்யணும்?"

"ஓடினா வாயத் தொறக்கோணும் இல்ல. அதுக்கு."

எழுந்தேன். மடியில் இருந்த கீரை தரையெல்லாம் கொட்டியது. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கு அத ஓட வெக்கத் தெரியலம்மா. அதான் நெசம்."

அது பாதி நிஜம். மீதிப் பாதியை இங்கே எழுதப் போவதில்லை.

தெரியவில்லை என்று ஒருவரிடம் சொல்லி நெடுநாளாகிறது. அம்மா சிரிக்கவில்லை. கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"தெரியலீன்னா பொறுமையாப் பாரு. யாரு வேண்டாங்கறா? ஆனா நீ போறேன்னாலும் சரி, இருக்கறேன்னாலும் சரி, எனக்கு முன்னாடியே தெரியோணும். வர்றவங்களுக்குச் சமைக்கோணும் இல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"போறேன்னா விருந்து வெக்கோணும். வடை, பாயாசம், எல்லாம். இருக்கறேன்னா உப்புமா போதும்."

அம்மா இதை விளையாட்டாகச் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை.


செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. பட்டறை முழுக்கச் சுத்தம் செய்யும் நாள். கணபதியில் எல்லாப் பட்டறைகளிலும் இன்று இதே வேலைதான். லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பானர், சுத்தியல், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, உலோகம் தெரிய வைப்பார்கள். ஒரு வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு ஒரே நாளில் போகும். நானும் சின்ன வயதிலிருந்து இதில் உண்டு. ஸ்பானர் செட் என் பங்கு.

அது முடிந்ததும், என்னுடையதையும் கழுவலாமென்று மாடிக்கு வந்தேன். பூஜையில் வைப்பதென்றால் கிரீஸோடு வைக்க முடியாது. பிஸ்டனைக் கழற்றினேன். கிளாண்ட் கயிறு முழுவதையும் குறடால் பிடுங்கினேன். கறுப்புப் புழுக்கள் மாதிரி வந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய பருத்திப் புடவைத் துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்தேன். பிறகு வெறுமனே பூட்டினேன். கயிறு இல்லை, கிரீஸ் இல்லை. பார்வைக்கு முழுதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துணி சக்கரத்தில் மாட்டியது. இழுத்தேன். சக்கரம் சுற்றியது.

விளக்குகூட இல்லை, துணி இழுத்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் துணியை மடித்தேன். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தேன். கையைக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டப்பாவில் அடைபட்ட காற்றின் பலம் ஒரு குழந்தையின் மூச்சளவு. அந்த மூச்சு முழுவதையும் கயிறும் கிரீஸும் தின்றுகொண்டிருந்தன. தண்ணீர் கனமானது, அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பம்பைச் சுற்ற மோட்டார் இருக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் சுற்றும். இதற்கு யார் இருக்கிறார்கள்? நான் சூட்டைப் பார்த்தேன், அப்பா கசிவைப் பார்த்தார். நடுவில் சக்கரம் திரும்பவே முடியாமல் கிடந்தது. இன்னொரு சுற்றுக் கயிறு கேட்டதும் நான்தான். பம்புக்காரன் மகள்.

கொஞ்சம் ஒழுகட்டும் என்று விட்டிருந்தால் முதல் வாரமே ஓடியிருக்கும்.

விளக்கில் ஸ்பிரிட் இருந்தது. தீப்பெட்டி இருந்தது. பொழுதும் இருந்தது.

ஏற்றவில்லை. பூஜைக்குப் பொரி வாங்க வேண்டியிருந்தது.


அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டினோம். எல்லா மெஷின்களுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திச் சரம். அம்மா என் டப்பாவையும் இறக்கிக் கொண்டுவந்து லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, சக்கரத்தில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். பெரிய மெஷின்களின் நடுவில் அது விருந்தாளி கூட்டிவந்த குழந்தை மாதிரி நின்றது.

பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல். பட்டறை ஆட்கள் போனஸ் கவரும் இனிப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பிறகு ஊர் அமைதியானது. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் கணபதியில் ஒரு லேத்தும் சுற்றாது. இன்று எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது, அவை தூங்கும் நாள். தெருக்கோடியில் யாரோ செம்பு கழுவுவதுகூடக் கேட்டது.

சூடம் ஏற்றிய தீப்பெட்டி என் கையிலேயே இருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

எனக்கு பயமாக இருந்தது. எழுதிவிட்டேன். ஓடிவிடும் என்று பயம்.

விளக்கை ஏற்றினேன். மேல் தட்டில் ஐஸ். சூடேறும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினேன்.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்று, தயங்கியபடி. மூன்றாவதில் தயக்கம் இல்லை.

டக் டக் டக் டக். பிஸ்டன் ஓரத்தில் காற்று மெல்லிய சீழ்க்கையோடு வெளியேறியது. சக்கரத்தின் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. சந்தனப் பொட்டு ஒரு மஞ்சள் வளையமானது. பிறகு உலர்ந்த சந்தனம் துகள் துகளாக என் கையில் தெறித்தது.

அமைதியான ஊரில் அந்தச் சத்தம் கீழே போயிருக்க வேண்டும். முதலில் அம்மா வந்தாள்.

"ஐயோ, இன்னிக்கு ஓட்டக்கூடாதுடி! நிறுத்து!"

பின்னாலேயே அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க.

"ஓடட்டும் வுடு. நிறுத்துனா மறுக்கா ஓடுமோ என்னமோ."

"மறுபடியும் ஓடும்ப்பா. ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். முதலில் கிளாண்ட் இருந்த இடத்தை. பிறகு பிஸ்டனை. உள்ளங்கையை அருகில் கொண்டுபோனார்.

"காத்து ஒழுகுது கண்ணு."

"ஒழுகட்டும்ப்பா."

கயிற்றையும் கிரீஸையும் எடுத்துவிட்டதைச் சொன்னேன். அவர் கை பழக்கத்தில் ஸ்பானரைத் தேடி இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் வேட்டி மடிப்பு. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"நாப்பது வருஷத்துல, ஒழுகறதப் பாத்துட்டு சும்மா நிக்கறது இன்னிக்குத்தான்."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊர் முழுக்க எல்லா மெஷினும் தூங்கிக்கொண்டிருக்க, எங்கள் மாடியில் ஒன்று மட்டும் சாமி குற்றத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் தீரும்வரை மூவரும் பார்த்தோம். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

பெருமையாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை.


அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலையில் குளித்துவிட்டு வந்தபோது சமையலறையிலிருந்து ரவை வறுக்கும் வாசனை வந்தது. நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஜெகதீஷும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். அத்தை முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மாப்ளை" என்று அப்பா எழுந்தார். அம்மா எல்லோருக்கும் உப்புமா வைத்தாள். பெரியப்பா தட்டைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். வேறு எதுவும் வராது என்று புரிய அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது.

ஜெகதீஷ் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"உனக்குத்தான். பிரிச்சுப் பாரு."

பித்தளையும் கண்ணாடியுமாக ஒரு சூட்டுக்காற்று எஞ்சின். உள்ளங்கை அளவு. ஆன்லைனில் வாங்கியது.

"செக் பண்ணிட்டேன். சூப்பரா ஓடுது. இனிமே நீ மண்டையப் போட்டு ஒடைச்சுக்க வேண்டாம்."

அவரே விளக்கை ஏற்றினார். தொட்டவுடன் ஓடியது. சத்தமே இல்லை. அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

"இது பாரு, எப்பிடி வழுக்கிட்டுப் போகுது!" என்றார் அத்தை.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். மாடி ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் என் டப்பா. பித்தளை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா ஐஸ் கொண்டு வந்தாள். நான் விளக்கை ஏற்றி, சூடேறும்வரை காத்திருந்து, விரலால் தள்ளினேன்.

டக் டக் டக் டக். மேசை அதிர்ந்தது. அத்தையின் தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

"இது என்ற பொண்ணு செஞ்சது" என்றார் அப்பா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

ஜெகதீஷ் குனிந்து பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார். நான் அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். நான் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நல்லாருக்கு" என்றார். "ஆனா இங்க காத்து லீக் ஆகுது பாரு. இத மட்டும் டைட் பண்ணிட்டா இன்னும் நல்லா ஓடும்."

முதலில் சிரித்தது அப்பா. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. அம்மாவும் சிரித்தாள். ஜெகதீஷ் எதற்கென்று தெரியாமல் இருவரையும் பார்த்தார். பாவமாக இருந்தது. நான் சிரிக்கவில்லை.

"டைட் பண்ணிப் பாத்தாச்சுங்க. மூணு வாரம். அப்பத்தான் ஓடல."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரி. எஞ்சினெல்லாம் ஓடிருச்சு. நல்ல நேரம் பன்னண்டு வரைக்கும் இருக்குது. கெளம்பலாமா?"

"நான் வரலைங்க மாமா."

சொல்லிவிட்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, மாப்பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு..." என்று இழுத்தார் அத்தை.

"நல்லாத்தாங்க ஓடுது. ஆனா எனக்கு ஓடற எஞ்சின் வேண்டாம். ஓடாத ஒண்ண வெச்சுட்டு, ஏன் ஓடலைன்னு பாக்கறதுக்கு ஒரு எடம் வேணும். இந்த வருஷம் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போடப் போறேன். அது அங்க நடக்காது."

"ஏன் நடக்காது?" என்றார் ஜெகதீஷ். "அங்கதான் பால்கனி இருக்கே."

"இருக்குது. சுத்தமா இருக்குது."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவருக்கு அந்த டப்பா நினைவுக்கு வந்தது என்று நினைக்கிறேன். முகம் மாறியது.

அத்தை புலம்பினார். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றார். அப்பா, "சொன்னனுங்களே, என்ற பொண்ணு செஞ்சதுன்னு" என்றார்.

கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். வாழைக்கன்று வாடித் தலை சாய்ந்திருந்தது. ஜெகதீஷ் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"உன்னோடது நல்லாத்தான் ஓடுச்சு."

"தேங்க்ஸ்ங்க."

உண்மையாகத்தான் சொன்னேன். அவரும் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் அதை அவர் உள்ளே சொல்லவில்லை, வாசலில் சொன்னார்.

பித்தளை எஞ்சினை மேசையிலேயே விட்டுப் போய்விட்டார்கள்.

மாலை, அம்மா பாயாசம் வைத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அத்தை மட்டும் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புமாவுக்குப் பொறவு பாயாசமா, என்ன கணக்கோ போ" என்று சொல்லிப் போனார்.


அக்டோபர் 3, வெள்ளி

லேத்துகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. கழுவிய மெஷின்களின் சத்தம் முதல் நாள் எப்போதும் கொஞ்சம் கூர்மையாக இருக்கும்.

பித்தளை எஞ்சினில் இருந்த ஸ்பிரிட்டை வடித்தேன். கண்ணாடியைத் துடைத்து, பஞ்சு சுற்றி, அதே பெட்டியில் வைத்து ஒட்டினேன். பஸ் பிடித்து காந்திபுரத்துக்குப் போய், கூரியர் கடையில் கொடுத்தேன். பெறுநர் என்ற இடத்தில் ஜெகதீஷின் பெயரையும் பெங்களூர் முகவரியையும் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரையும் இந்த வீட்டு முகவரியையும் எழுதினேன்.